ஒரு தடவை வரைந்த பெட்டியைப் பல கிச்சனுக்கு எடுத்தாளுவது எப்படி: ஸ்கெட்ச், கன்ஸ்ட்ரெயின்ட் பற்றி முழுமையான வழிகாட்டி

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் மாடுலர் கிச்சன் வேலை எடுக்கிற யாருக்கும் இது தெரிந்த விஷயம்: இரண்டு வீட்டுச் சுவர் ஒரே நீளத்தில் இருப்பதில்லை. ஒரு வீட்டில் 10 அடி 4 இஞ்ச், அடுத்த வீட்டில் 9 அடி 7. ஆனால் உள்ளே வைக்கிற பெட்டிகள் என்னவோ அதே பெட்டிகள்தான். டிராயர் பெட்டி, சிங்க் பெட்டி, மூலைப் பெட்டி, மேலே சுவரில் மாட்டும் வால் யூனிட், அதற்கும் மேலே லாஃப்ட்.

பெரும்பாலானோர் பழைய வீட்டு ஃபைலை வேறு பெயரில் சேமித்து, கோடுகளைப் பிடித்து இழுத்துப் புது அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். சைடு பேனல் நகரும், நடுத்தட்டு நகராது. ஷட்டர் (பெட்டிக் கதவு) அகலம் மாறும், ஹிஞ்ச் (கீல்) குழி பழைய இடத்திலேயே நிற்கும். திரையில் பார்த்தால் எல்லாம் ஒட்டினாற்போல்தான் தெரியும். பிளைவுட்டை அறுத்துப் பொருத்தும்போதுதான் குறை வெளியே வரும்.

இதற்கு வழி, கோடுகளோடு சேர்த்து அவற்றுக்கு இடையிலான உறவையும் ஒரே தடவை சரியாகப் போட்டு வைப்பது. "பாட்டம் பலகை எப்போதும் இரண்டு சைடுக்கும் நடுவில்", "மூன்று டிராயர் முகப்பும் ஒரே உயரம்", "ஹிஞ்ச் குழி ஷட்டரின் மேல் விளிம்பிலிருந்து 100 மி.மீ." என்பவை உறவுகள். கணினியில் வரைய உதவும் கேட் (CAD) மென்பொருளில் இதைத்தான் கன்ஸ்ட்ரெயின்ட் என்கிறோம். உறவுகள் சரியாக இருந்தால் அடுத்த வீட்டுக்கு எண்களை மட்டும் மாற்றினால் போதும்.

இங்கே எல்லாவற்றையும் ஃப்ரீகேட் மென்பொருளை வைத்துச் சொல்கிறேன். இலவசம், லைசென்ஸ் தொல்லை கிடையாது, 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பு இந்த வேலைக்குப் போதிய அளவு உறுதியானது. ஃப்யூஷன், சாலிட்வொர்க்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதே முறைதான், பட்டன் பெயர்கள் மட்டும் வேறு. ஸ்கெட்ச்அப்பில் இந்த மாதிரி ஸ்கெட்ச் கன்ஸ்ட்ரெயின்ட் கிடையாது. அங்கே டைனமிக் காம்பொனென்ட் வழியாகச் சிலதைச் செய்யலாம், ஆனால் அது வேறு வழி.

முதல் படி: கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் அளவுகளைப் பிரியுங்கள்

ஒரு பெட்டியில் வரும் எண்களை எழுதிப் பார்த்தால் முப்பதுக்கு மேல் வரும். எல்லாம் ஒரே வகை இல்லை.

சில வீட்டுக்கு வீடு மாறுபவை: பெட்டியின் அகலம், உயரம், ஆழம். சில பொருளுக்குப் பொருள் மாறுபவை: பலகை கனம், பலகை விளிம்பில் ஒட்டும் எட்ஜ் பேண்டின் கனம், ஷட்டர் இடைவெளி. சில ஹார்டுவேருக்கு ஹார்டுவேர் மாறுபவை: டிராயர் ஓடும் சேனலுக்கு விட வேண்டிய இடம், ஹிஞ்ச் குழியின் விட்டம், விளிம்பிலிருந்து அதன் தூரம். இந்த மூன்றையும் தனித்தனியாக வையுங்கள். வீட்டுக்காரர் கடைசி நேரத்தில் சேனல் மாடலை மாற்றினால் ஹார்டுவேர் பகுதியில் ஒரு எண்ணை மாற்றினால் போதும், வேறு எதையும் தொட வேண்டி வராது.

பலகை கனத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 18 மி.மீ. என்று பில்லில் இருக்கும். வெர்னியர் வைத்துப் பார்த்தால் பல சமயம் 17 சொச்சம்தான் வரும். அதன்மேல் மைக்கா. பிளை 17.5, உள்பக்கம் 0.8 லைனர் (மெல்லிய மைக்கா), வெளிப்பக்கம் 1 மி.மீ. மைக்கா என்றால் மொத்தம் 19.3. இப்போது கணக்கைப் பாருங்கள். 600 அகலப் பெட்டியில் 18 என்று நினைத்துப் போட்டால் உள் அகலம் 564, சேனலுக்குப் பக்கத்துக்கு 13 என 26 கழித்தால் டிராயர் அகலம் 538. உண்மையில் உள் அகலம் 561.4. அந்த 538 டிராயரை உள்ளே வைத்தால் பக்கத்துக்கு 11.7 மி.மீ.தான் மிஞ்சும். சாதாரண பால் பேரிங் சேனலின் கனமே 12.7. டிராயர் ஏறாது. அப்புறம் ஆசாரி உட்கார்ந்து டிராயர் பக்கத்தை இழைத்துக்கொண்டிருப்பார்.

அதனால் பலகை கனம் என்ற எண்ணை எங்கேயும் நேராக 18 என்று தட்டக்கூடாது. அதற்கு ஒரு பெயர் வையுங்கள், எல்லா இடத்திலும் அந்தப் பெயரையே கூப்பிடுங்கள். வந்திறங்கிய பலகையை அளந்து அந்த ஒரு இடத்தில் உண்மை எண்ணைப் போடுங்கள்.

இரண்டாம் படி: அளவுத் தாள்

ஃப்ரீகேட்டில் ஸ்ப்ரெட்ஷீட் பகுதிக்குப் போய் ஒரு தாளை உருவாக்குங்கள். முதல் பத்தியில் என்ன அளவு என்று தமிழிலேயே எழுதலாம், இரண்டாம் பத்தியில் எண். எண் இருக்கிற செல்லுக்கு மாற்றுப் பெயர் வைக்க வேண்டும், அதற்கு ஏலியாஸ் என்று பெயர். அதை ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல் வையுங்கள். ஒரு எழுத்தும் ஓர் எண்ணும் சேர்ந்த பெயரை மென்பொருள் ஏற்காது, ஏனென்றால் அது செல்லின் முகவரி போலவே இருக்கிறது. மி.மீ., மீட்டர் போன்ற யூனிட்டின் குறியீடாக இருக்கும் பெயரையும் ஏற்காது. சுருக்கமாக வைக்காமல் முழுச் சொல்லாகவே வைத்தால் இந்தச் சிக்கல் எதுவும் வராது. ஆறு மாதம் கழித்துப் பார்க்கும்போது உங்களுக்கும் புரியும்.

எண்ணோடு யூனிட்டையும் சேர்த்தே தட்டுங்கள். ஒரு செல்லில் யூனிட் இருந்து இன்னொன்றில் இல்லாவிட்டால், இரண்டையும் கூட்டும்போது யூனிட் பொருந்தவில்லை என்று கணக்கு நின்றுவிடும். இதில் ஒரு வசதியும் இருக்கிறது. சைட்டில் டேப்பில் இஞ்சாக எடுத்த அளவை இஞ்ச் யூனிட்டோடு அப்படியே தட்டலாம், மி.மீ. கணக்கை அதுவே பார்த்துக்கொள்ளும். ஆசாரி "ஒரு நூல் விடணும்" என்றால் எட்டில் ஒரு இஞ்ச், அதாவது 3.175 மி.மீ. அதையும் பின்னமாகவே எழுதலாம்.

பிறகு கணக்கால் வரும் அளவுகள். இவற்றுக்குத் தனிப் பகுதி ஒதுக்கி, வேறு நிறம் கொடுத்துவிடுங்கள். இந்தப் பகுதியில் கையால் எண் தட்டக்கூடாது.

உள் அகலம் = வெளி அகலம் − 2 × பலகை கனம்
டிராயர் அகலம் = உள் அகலம் − 2 × சேனல் இடம்
மூன்று டிராயர் முகப்பு உயரம் = (பெட்டி உயரம் − 3 × இடைவெளி) ÷ 3
இரட்டை ஷட்டர் அகலம் = (வெளி அகலம் − 2 × இடைவெளி) ÷ 2

720 உயரப் பெட்டி, 3 மி.மீ. இடைவெளி என்றால் முகப்பு ஒன்று 237. மேலும் கீழும் ஒன்றரை, நடுவில் இரண்டு மூன்று, கூட்டிப் பார்த்தால் 720 வரும். மேல் டிராயர் மட்டும் கரண்டி, ஸ்பூனுக்காக 140 வேண்டுமென்றால் மற்ற இரண்டும் 285.5 ஆகும். இதைத் தனி சூத்திரமாக எழுதி வையுங்கள்.

சேனல் நீளம் கொஞ்சம் சுவாரஸ்யமானது. சேனல் கடையில் 50 மி.மீ. படிகளில்தான் கிடைக்கும்: 400, 450, 500 என்று. ஆகவே ஆழத்திலிருந்து பின்பலகை, பின்பலகைக்குப் பின்னால் விடுகிற இடம், கொஞ்சம் தாராளம் எல்லாவற்றையும் கழித்து, மிச்சத்தை 50-ஆல் வகுத்து, பின்னத்தை வெட்டிவிட்டு, மறுபடி 50-ஆல் பெருக்க வேண்டும். ஆழம் 560, பின்பலகை 6, பின்னால் 18, தாராளம் 10 என்றால் மிச்சம் 526. வகுத்தால் 10.52, பின்னம் போக 10, ஆக 500 சேனல். பின்னத்தை வெட்டும் ஃபங்ஷன் ஃப்ரீகேட்டில் இருக்கிறது. ஒரு தடவை எழுதிவிட்டால் எந்த ஆழத்துக்கும் சரியான சேனலை அதுவே சொல்லும்.

1.0 பதிப்பில் வார்செட் என்றும் ஒன்று வந்திருக்கிறது, பெயர் வைத்த அளவுகளின் ஒரு சிறு தொகுப்பு அது. கடை முழுக்கப் பொதுவான அளவுகளை ஸ்ப்ரெட்ஷீட்டிலும், அந்தந்தப் பெட்டியின் அகலம், உயரம், ஆழத்தை வார்செட்டிலும் வைப்பது நல்ல ஏற்பாடு. பெட்டியை நகல் எடுக்கும்போது அதன் வார்செட்டையும் சேர்த்து எடுக்கலாம்.

மூன்றாம் படி: மூல ஸ்கெட்ச்

ஸ்கெட்ச் என்பது ஒரு தளத்தில் வரையும் தட்டையான கோட்டுப்படம். பெட்டியை முன்னாலிருந்து பார்த்தால் எப்படி இருக்குமோ அதை வரையுங்கள். இரண்டு சைடு, பாட்டம், மேலே இரண்டு பட்டை. ஒவ்வொன்றும் ஒரு செவ்வகம். கண்ணளவில் வரைந்தால் போதும், அளவு பிறகு வரும்.

ஸ்கெட்சை எந்தத் தளத்தில் வைக்கிறீர்கள் என்பது முக்கியம். ஏற்கெனவே செய்த பலகையின் முகத்தில் வைக்காமல், ஆரம்பத்திலேயே இருக்கும் மூலத் தளத்தில் வையுங்கள். முகத்தில் வைத்தால், பின்னால் அந்தப் பலகையில் ஒரு குழி சேர்த்ததும் முகங்களின் பெயர் மாறி, ஸ்கெட்ச் வேறு எங்காவது போய் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. 1.0-ல் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்திருக்கிறது, ஆனாலும் மூலத் தளம்தான் பத்திரம்.

கீழ் இடது மூலையை மையப்புள்ளியோடு ஒட்டுங்கள். கிச்சன் வரிசையைச் சுவரின் ஒரு முனையிலிருந்துதான் அடுக்கிக்கொண்டு போகிறோம், அதனால் மூலையிலிருந்து ஆரம்பிப்பதே வசதி. ஷட்டரையும் டிராயர் முகப்பையும் மட்டும் மையப்புள்ளிக்கு இருபுறமும் சமமாக வரைவது நல்லது. கைப்பிடித் துளை தானாகவே நடுவில் நிற்கும்.

இனி கன்ஸ்ட்ரெயின்ட். வரிசை இதுதான்: முதலில் வடிவ உறவுகள், கடைசியில் அளவுகள். எது எதோடு ஒட்ட வேண்டும், எது எதற்குச் சமம், எது சமச்சீர் என்று எல்லாம் போட்டு முடித்த பிறகு பார்த்தால், போட வேண்டிய அளவுகள் கையளவுதான் மிஞ்சும்.

ஒரு செவ்வகத்தை வரைந்ததும் அதற்கு நான்கு சுதந்திரம் இருக்கும்: இடவலமாக நகரலாம், மேலும் கீழும் நகரலாம், அகலம் மாறலாம், உயரம் மாறலாம். ஒரு மூலையை மையப்புள்ளியோடு ஒட்டினால் இரண்டு போகும். அகலமும் உயரமும் கொடுத்தால் மீதி இரண்டும் போகும். கோடுகள் பச்சையாகும். எத்தனை சுதந்திரம் மிச்சம் என்பது பக்கத்துப் பட்டியில் தெரியும். அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே வேலை செய்யப் பழகினால் எந்தக் கோடு இன்னும் கட்டாமல் கிடக்கிறது என்று சட்டென்று பிடிபடும்.

பலகை கனத்தை இடது சைடில் மட்டும் அளவாகக் கொடுங்கள், தாளில் இருக்கும் பெயரோடு இணைத்து. வலது சைடு, பாட்டம், பட்டைகள் எல்லாவற்றின் கனத்துக்கும் ஈக்வல் (சமம் என்ற கன்ஸ்ட்ரெயின்ட்) போடுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியே தாளோடு இணைத்தாலும் விடை ஒன்றுதான், ஆனால் எங்காவது ஒன்று இணைக்காமல் விட்டுப்போனால் தேடிக் கண்டுபிடிப்பது பாடு. ஈக்வல் போட்டால் அந்தக் கவலை இல்லை.

பச்சை நிறத்தை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். பிளாக் என்று ஒரு கன்ஸ்ட்ரெயின்ட் இருக்கிறது. கோட்டை அது நிற்கிற இடத்திலேயே ஆணி அடித்து நிறுத்திவிடும். அவசரத்துக்கு அதைப் போட்டால் ஸ்கெட்ச் உடனே பச்சையாகும், ஆனால் பெட்டியின் அகலம் மாறும்போது அந்தக் கோடு மட்டும் அசையாது. லாக் போட்டால் அந்தப் புள்ளிக்கு இரண்டு தூர அளவு வந்து உட்காரும், அதுவும் பெட்டியைப் பின்தொடராது. மறுபடி எடுத்தாளப் போகிற ஸ்கெட்சில் இந்த இரண்டும் இருக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

எங்கிருந்து அளக்கிறோம்

கன்ஸ்ட்ரெயின்ட் எத்தனை என்பதைவிட அது எந்த விளிம்பைப் பிடித்திருக்கிறது என்பதுதான் வடிவத்தின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. நல்ல ஆசாரி ஒரு ரீப்பரில் (மெல்லிய மரச்சட்டத்தில்) தரையிலிருந்து பிளிந்த் (அடிப்பீடம்), பாட்டம், தட்டு, பிளாட்ஃபார்ம் எல்லா உயரத்தையும் குறித்து வைத்துக்கொண்டு, அந்த ஒரே ரீப்பரை வைத்து எல்லாப் பெட்டியையும் குறிப்பார். டேப்பை ஒவ்வொரு தடவையும் நீட்டுவதில்லை, எல்லாக் குறியும் ஒரே முனையிலிருந்து போகும். ஸ்கெட்சிலும் அந்த ஒழுங்குதான் வேண்டும்.

சைடு பேனலில் தட்டுக்கான துளை வரிசையை எடுத்துக்கொள்வோம். 32 மி.மீ. முறையில் துளை 5 மி.மீ. விட்டம், ஒன்றுக்கொன்று 32 மி.மீ. தூரம், முன் விளிம்பிலிருந்து 37 மி.மீ. உள்ளே. இந்த 37-ஐ முன் விளிம்பிலிருந்தே அளக்க வேண்டும். 560 ஆழப் பெட்டியில் பின் விளிம்பிலிருந்து 523 என்று போட்டாலும் துளை அதே இடத்தில்தான் விழும். ஆனால் அதே ஸ்கெட்சை 300 ஆழ வால் யூனிட்டுக்கு எடுத்தால் துளை பலகைக்கு வெளியே போய்விடும். ஹிஞ்சின் மவுண்டிங் பிளேட்டும் இந்த 37 கோட்டில்தான் உட்காருகிறது, ஆகவே இது முன் விளிம்புக்குச் சொந்தமான அளவு.

ஷட்டரில் ஹிஞ்ச் குழி 35 மி.மீ. விட்டம், குழியின் மையம் விளிம்பிலிருந்து சுமார் 22 மி.மீ. இந்த 22 ஹிஞ்சுக்கு ஹிஞ்ச் கொஞ்சம் மாறும், அதனால் ஹார்டுவேர் பகுதியில் ஒரு பெயராக வையுங்கள். மேல் குழியை மேல் விளிம்பிலிருந்து 100, கீழ்க் குழியைக் கீழ் விளிம்பிலிருந்து 100 என்று தனித்தனியாக அளக்க வேண்டும். இரண்டு குழிக்கும் இடையே தூரம் கொடுத்தால் ஷட்டர் உயரம் மாறும்போது அர்த்தமில்லாத இடத்தில் போய் நிற்கும். ஷட்டர் 900-க்கு மேல் உயர்ந்தால் பொதுவாக மூன்றாவது ஹிஞ்ச் போடுகிறோம். அதற்குச் சமச்சீர் கன்ஸ்ட்ரெயின்ட் வைத்தால் எப்போதும் நடுவிலேயே இருக்கும்.

நான்காம் படி: நகல் எடுக்கும் வழியைத் தேர்ந்தெடுப்பது

இந்தக் கட்டுரையின் மையமே இதுதான். நகல் எடுக்கப் பல வழி இருக்கிறது, பலரும் கைக்கு முதலில் வந்ததைப் பிடித்துக்கொள்கிறார்கள். பட்டனைத் தொடும் முன் ஒரு கேள்வி: மூலத்தை நாளை மாற்றினால் நகலும் மாற வேண்டுமா?

இந்தக் கேள்வி கேட் மென்பொருளின் பிறப்பிலேயே இருந்தது. 1963-ல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் தன் முனைவர் ஆய்வுக்காகச் செய்த ஸ்கெட்ச்பேடில் ஒளிப்பேனாவால் திரையில் வரையலாம், கோடுகளுக்குக் கன்ஸ்ட்ரெயின்ட் போடலாம். ஒரு மூலப் படத்தை வரைந்து அதன் பிரதிகளைப் பல இடத்தில் வைக்கலாம், மூலத்தை மாற்றினால் பிரதிகளும் மாறும். அறுபது வருடத்துக்குப் பிறகு நாம் ஒரு கிச்சன் பெட்டியில் செய்வதும் அதையேதான்.

ஒரே ஸ்கெட்சுக்குள் திரும்பத் திரும்ப வரும் வடிவம் என்றால், நகர்த்தி அடுக்கும் கருவியைப் பயன்படுத்துங்கள். அதில் அளவுகளுக்குப் பதிலாக ஈக்வல் போடச் சொல்லும் ஒரு தேர்வு இருக்கிறது. அதை டிக் செய்தே ஆக வேண்டும். டிக் செய்யாவிட்டால் ஒவ்வொரு நகலும் தன் சொந்த எண்ணைச் சுமந்துகொண்டு வரும், பிறகு மூன்று டிராயர் முகப்பையும் மூன்று இடத்தில் மாற்ற வேண்டியிருக்கும். டிக் செய்தால் முதல் முகப்பை மாற்றியதும் மற்ற இரண்டும் சேர்ந்து மாறும்.

ஒரு ஸ்கெட்சை இன்னொரு ஸ்கெட்சுக்குள் கொண்டுவர கார்பன் காப்பி. புது ஸ்கெட்சைத் திறந்துகொண்டு, கருவியை எடுத்து, பழைய ஸ்கெட்சின் ஒரு கோட்டில் சொடுக்கினால் போதும். கோடுகளும் கன்ஸ்ட்ரெயின்டுகளும் அப்படியே இறங்கும். இதன் சிறப்பு, வந்திறங்கும் அளவுகள் மூல ஸ்கெட்சின் அளவுகளோடு சூத்திரத்தால் இணைந்தே வரும். மூலத்தில் 600-ஐ 700 ஆக்கினால் இங்கேயும் 700. ஆனால் மூலத்தில் பின்னால் புதிதாக ஒரு கோடு சேர்த்தால் அது இங்கே வராது. அளவுகள் மட்டும்தான் உயிரோடு இணைந்திருக்கின்றன, கோடுகள் அந்த நேரத்து நகல். ஆகவே மூல ஸ்கெட்ச் முழுமையாகத் தயாரான பிறகே கார்பன் காப்பி எடுங்கள். மூல ஸ்கெட்ச் திரையில் மறைத்து வைக்கப்பட்டிருந்தால் சொடுக்க முடியாது, முதலில் அதைத் தெரிய வையுங்கள். சாதாரணமாக இரண்டும் ஒரே பாடியில் (ஃப்ரீகேட்டில் ஒரு பலகையின் ஸ்கெட்சுகளையும் வெட்டுகளையும் சேர்த்து வைக்கும் தொகுப்பு), இணையான தளங்களில் இருக்க வேண்டும்.

ஷட்டரின் வெளிக்கோட்டை கார்பன் காப்பி எடுத்து, அதன்மேல் ஹிஞ்ச் குழிகளையோ கைப்பிடித் துளைகளையோ வரைவது நல்ல பயன்பாடு. வெளிக்கோட்டைக் கட்டுமானக் கோடாக மாற்றிவிட்டால் அது வழிகாட்ட மட்டும் நிற்கும், வெட்டில் வராது.

முழுப் பெட்டியையே இன்னொன்றாக வேண்டும், ஆனால் வேறு அகலத்தில் என்றால், டூப்ளிகேட். இதைச் செய்யும்போது எந்தெந்தச் சார்புப் பொருள்களையும் சேர்த்து நகல் எடுப்பது என்று ஒரு பட்டியல் வரும். இங்கே நிதானம் வேண்டும். அந்தப் பெட்டியின் வார்செட்டை டிக் செய்யுங்கள், கடைப் பொது ஸ்ப்ரெட்ஷீட்டை டிக் செய்யாதீர்கள். அப்போதுதான் புதுப் பெட்டிக்கு அகலம் தனியாகவும், பலகை கனம் பொதுவாகவும் இருக்கும். இரண்டையும் டிக் செய்தால் பொதுத் தாள் இரண்டாகிவிடும். பலகை கனத்தை ஒன்றில் மாற்றி மற்றதில் மறந்தால் ஒரே வரிசையில் இரண்டு கனம்.

அச்சு அசல் அதே பெட்டி நான்கு இடத்தில் வேண்டுமென்றால் லிங்க் போதும். ஃபைல் கனக்காது, மூலம் மாறினால் நான்கும் மாறும். அதே லிங்கில் ஒன்றை மட்டும் வேறு அகலமாக்கவும் வழி இருக்கிறது, ஆனால் அது ஆரம்பத்தில் குழப்பும். டூப்ளிகேட் பழகிய பிறகு அந்தப் பக்கம் போகலாம்.

பொதுத் தாளைத் தனி ஃபைலில் வைத்து எல்லா வேலைக்கும் அதிலிருந்து எடுக்கலாமே என்று தோன்றும். செய்யலாம். ஆனால் பென்டிரைவில் ஒரு ஃபைலை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் இணைப்பு அறுந்துவிடும். சிறு கடைக்கு, எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கும் மாதிரிக் கோப்புதான் நல்லது.

இடது, வலது

சைடு பேனல் இரண்டும் வெளிக்கோட்டில் ஒன்றுபோல இருப்பதால் இடதை நகல் எடுத்து வலதாக வைக்கத் தோன்றும். துளைகள் பலகையைக் கடந்து போகாமல் 12 மி.மீ. ஆழத்தில் நிற்பவை. நகலை நகர்த்தி மட்டும் வைத்தால் துளைகள் பெட்டிக்கு வெளிப்பக்கம் பார்க்கும். திருப்பி வைத்தால் முன் விளிம்பு பின்னால் போகும். மிரர்தான் சரி. பெட்டியின் நடுவே நிற்கும் தளத்தை வைத்து மிரர் செய்யுங்கள். அந்தத் தளத்தின் இடம் வெளி அகலத்தின் பாதியாகச் சூத்திரத்தில் இருக்கட்டும். பேனலின் பெயரிலேயே இடது, வலது என்று எழுதிவிடுங்கள். வெட்டுகிற இடத்தில் இரண்டும் ஒரே அளவு என்பதால் பெயர் இல்லாவிட்டால் பிரித்துப் பார்க்கவே முடியாது.

ஐந்தாம் படி: ஆட்டிப் பாருங்கள்

வடிவம் தயாரானதும் வேலைக்கு எடுக்கும் முன் அதைச் சோதிக்க வேண்டும். அகலத்தை 300 ஆக்குங்கள், 450, 900, 1200 ஆக்குங்கள். பலகை கனத்தை 12, 25 என்று மாற்றுங்கள். உயரத்தை வால் யூனிட் அளவுக்குக் குறையுங்கள். ஒவ்வொரு தடவையும் எல்லாக் கோடும் தன் இடத்தில் நிற்கிறதா, துளை எதுவும் விளிம்பைத் தாண்டுகிறதா என்று பாருங்கள்.

சில கோடுகள் மறுபக்கம் புரண்டுவிடும். தட்டு பெட்டிக்கு வெளியே போய் உட்கார்ந்திருக்கும், ஆனாலும் ஸ்கெட்ச் பச்சையாகவே இருக்கும். வெறும் தூரம் என்று கொடுத்த அளவுகளில் இது அதிகம் நடக்கிறது, ஏனென்றால் தூரத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரியாது. கிடைமட்டத் தூரம், செங்குத்துத் தூரம் என்று திசையோடு கொடுத்தால், அல்லது சமச்சீராகக் கட்டினால் புரள்வது நிற்கும்.

சரிபார்க்க ஒரு நல்ல உத்தி: உள் அகலத்தை ஸ்கெட்சில் ரெஃபரன்ஸ் அளவாக வையுங்கள். நீல நிறத்தில் இருக்கும், அது எதையும் கட்டுப்படுத்தாது, வரைபடத்தில் உண்மையில் எவ்வளவு வந்திருக்கிறது என்று காட்டும். தாளில் சூத்திரம் சொல்லும் உள் அகலமும் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எங்கோ ஒரு உறவு தவறு.

தேவைக்கு மேல் கன்ஸ்ட்ரெயின்ட் போட்டுவிட்டால் மென்பொருள் சொல்லிவிடும். ஒன்று, ஏற்கெனவே சொன்னதையே மறுபடி சொல்வது. இன்னொன்று, ஒன்றுக்கொன்று முரணாகச் சொல்வது. இரண்டுக்கும் செய்தியில் வரும் இணைப்பைச் சொடுக்கினால் சம்பந்தப்பட்டவை தேர்வாகி நிற்கும். கண்டதை அழிக்காமல், இதில் எது ஆசாரிக்குத் தேவையான அளவு என்று யோசித்து மற்றதை அழியுங்கள். தாளிலிருந்து ஸ்கெட்சுக்கும், அந்த ஸ்கெட்சிலிருந்து மறுபடி அதே தாளுக்கும் அளவு எடுத்தால் சுழற்சி என்று பிழை வரும். அளவு எப்போதும் தாளிலிருந்து ஸ்கெட்சுக்கு, ஒரு வழியாகத்தான் போக வேண்டும்.

டிராயர் எண்ணிக்கையை ஓர் எண்ணால் மாற்ற முயன்று நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். கன்ஸ்ட்ரெயின்ட் இருக்கிற கோட்டின் அளவை மாற்றும், புதுக் கோட்டை உருவாக்காது. இரண்டு டிராயருக்கு ஒரு மாதிரி, மூன்றுக்கு ஒன்று, நான்குக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வது எளிது.

ஒரு சுவரில் பொருத்திப் பார்ப்போம்

10 அடி 4 இஞ்ச் சுவர் என்றால் 3149.6 மி.மீ. சுவர் மட்டமாக இருப்பது அரிது என்பதால் தரையருகே, பிளாட்ஃபார்ம் உயரத்தில், அதற்கு மேலே என மூன்று இடத்தில் அளந்து, குறைந்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனையிலும் சுவருக்கும் பெட்டிக்கும் இடையை மூடும் ஃபில்லர் பட்டைக்குக் குறைந்தது 20 மி.மீ. விட்டால் மிச்சம் 3109.6. 600 பெட்டி ஐந்து வைத்தால் 3000, இன்னும் 109.6 மீதம். பழைய முறையில் அதை ஃபில்லரிலேயே அடைத்து, பெரிய பட்டை ஒன்று அசிங்கமாகத் தெரியும். நம்மிடம் எண்ணால் மாறும் பெட்டி இருக்கிறது. சிங்க் பெட்டியின் அகலத்தை 700 ஆக்குங்கள். பாட்டம், ஷட்டர், ஹிஞ்ச் குழி எல்லாம் தானே நகரும். மிச்சம் 9.6, அதை இரண்டு ஃபில்லருக்கும் பிரித்தால் பக்கத்துக்கு 24.8. வீட்டம்மாவுக்கும் பாத்திரம் கழுவத் தாராளமான இடம்.

900-க்கு மேல் அகலம் போனால் 18 மி.மீ. தட்டு பாத்திரக் கனத்தில் தொய்யும். தாளில் ஒரு செல்லில் நிபந்தனைச் சூத்திரம் போட்டு, அகலம் 900-ஐத் தாண்டினால் 1 என்று காட்டச் செய்யுங்கள். அந்த 1-ஐப் பார்த்ததும் நடுவில் ஒரு பார்ட்டிஷன் வேண்டும் என்று புரிந்துகொள்ளலாம்.

நம் மாவட்டத்துக்கென்று தாளில் சேர்க்க வேண்டியவை

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நனைக்கிற ஊர் இது. பெட்டிக்குப் பின்னால் சுவரிலிருந்து விடுகிற இடத்துக்கு ஒரு பெயர் வையுங்கள், 20 மி.மீ. வைத்தால் காற்று ஓடும். கீழே 100 மி.மீ. கால் வைத்தால் தரை ஈரம் பலகையில் ஏறாது. அதுவும் ஒரு பெயராக இருந்தால் பிளாட்ஃபார்ம் உயரம் மாறும்போது சேர்ந்து மாறும்.

தேக்கு, அயனி, பலா மரத்தில் ஷட்டர் கேட்கிறவர்கள் இங்கே இன்னும் நிறைய. மரம் குறுக்கு வாட்டில் மழைக்காலத்தில் ஊதும், பிளைவுட் அவ்வளவு ஊதாது. ஆகவே ஷட்டர் இடைவெளியைப் பொருள்வாரியாக இரண்டு பெயராக வையுங்கள்: பிளைவுட்டுக்கு 3, மரத்துக்கு 4 அல்லது 5. கோடையில் சரியாக மூடுகிற மர ஷட்டர் ஜூன் மாதத்தில் ஒன்றோடொன்று உரசாமல் இருக்க இது உதவும்.

குளச்சல், முட்டம் போன்ற கடலோர வீடுகளில் உப்புக்காற்றில் சாதாரண ஹிஞ்சும் சேனலும் சீக்கிரம் துருப்பிடிக்கும். எஸ்.எஸ். 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஹார்டுவேருக்கு மாறும்போது குழியின் விட்டம் பெரும்பாலும் அதே 35-தான், விளிம்புத் தூரமும் சேனல் கனமும் மாறலாம். பெட்டியில் இருக்கும் அளவுச் சீட்டைப் பார்த்து ஹார்டுவேர் பகுதியை மட்டும் திருத்துங்கள்.

ஆறாம் படி: வெட்டுக்குக் கொடுப்பது

கட்டிங் லிஸ்ட்டைக் கையால் எழுத வேண்டாம். அதே ஸ்ப்ரெட்ஷீட்டில் இன்னொரு பகுதியில் ஒவ்வொரு பலகையின் பெயர், நீளம், அகலம், எண்ணிக்கை, ரேகை ஓடும் திசை எல்லாம் சூத்திரத்தாலேயே வரட்டும். எட்ஜ் பேண்ட் ஒட்டுகிற பக்கங்களில் அதன் கனத்தைக் கழிக்க மறக்காதீர்கள். 2 மி.மீ. பேண்டை நான்கு பக்கமும் ஒட்டினால் ஷட்டர் இரண்டு திசையிலும் 4 மி.மீ. பெரிதாகிவிடும். தாளை சி.எஸ்.வி.யாக (எளிய அட்டவணைக் கோப்பாக) வெளியே எடுத்து, 2440-க்கு 1220 பலகையில் அடுக்கும்போது வாள் தின்னும் 3 முதல் 4 மி.மீ.யைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சி.என்.சி. எனும் கம்ப்யூட்டர் வெட்டு இயந்திரத்துக்கு டி.எக்ஸ்.எஃப். வரைபடக் கோப்பு கொடுப்பதாக இருந்தால், துளைகளையும் வெளிக்கோட்டையும் தனி லேயரில் வைத்துக் கொடுங்கள், துளை ஆழத்தைக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். ஆசாரி கையால் செய்வதாக இருந்தால் ஃப்ரீகேட்டில் அச்சுக்கான வரைபடம் தயாரிக்கும் டெக்டிரா பக்கத்தில் பெரிய எழுத்தில் அளவு போட்ட படம் ஒன்று போதும். "தம்பி, எது மாறும், எது மாறாதுன்னு மட்டும் குறிச்சுக் குடுங்க" என்றுதான் பெரும்பாலான ஆசாரிகள் கேட்பார்கள். அதனால் தாளில் பிரித்த அதே மூன்று பகுதியைப் படத்தின் ஓரத்திலும் அச்சிட்டுக் கொடுங்கள்.

மாதிரிக் கோப்பைச் சேமிக்கும்போது படிக்க மட்டும் என்று வைத்துவிடுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் அதிலிருந்து புதுப் பெயரில் நகல். மாதிரியில் பின்னால் திருத்தம் செய்தால் கோப்புப் பெயரில் ஆண்டும் மாதமும் சேர்த்துப் புதிதாகச் சேமியுங்கள், முடிந்த வேலைகளின் கோப்பைத் தொடாதீர்கள். இரண்டு வருடம் கழித்து அந்த வீட்டில் ஒரு ஷட்டர் மட்டும் மாற்றச் சொல்லிக் கூப்பிடுவார்கள், அப்போது அந்த வீட்டின் பழைய அளவு அப்படியே வேண்டும். கடையில் இரண்டு கம்ப்யூட்டர் இருந்தால் இரண்டிலும் ஒரே ஃப்ரீகேட் பதிப்பை வையுங்கள். புதிய பதிப்பில் சேமித்தது பழையதில் சரியாகத் திறக்காமல் போகலாம்.